கால் கட்டைவிரல் மேலேயா, கீழேயா?

சுகந்தி வேலை பார்த்த தையல் ஆலையில், ஷிப்டு தொடங்கிவிட்டால் தொழிலாளர்களின் கைகால்களைக் கம்பெனியே இயக்கும். அவர்கள் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும்.

நேற்றுக் காலையில் அவள் கைக்குழந்தையைக் கால்மேல் போட்டுக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். முகத்தில் தண்ணீர் தெறித்ததும் கண்ணை மூடினாள். கால்கள் விலகிப்போனது அவளுக்குத் தெரியவில்லை. குழந்தை தரையில் விழுந்து வீறிட்ட பிறகுதான் தெரிந்தது. தலையில் தையல் போட்டார்கள்.

இன்று வந்ததும் வராததுமாக ஆலையின் மருத்துவ அறைக்கு ஓடினாள். நர்ஸ் பெனிட்டா அவளைப் படுக்கவைத்தாள்.

"கண்ணை மூடும்மா. கால் கட்டைவிரலை அசைக்கிறேன். மேலேயா, கீழேயா?"

"அசைக்கிறீங்களா சிஸ்டர்?"

"சரி, ஆள்காட்டி விரலால மூக்கைத் தொடு."

விரல் காதில் போய் இடித்தது. சுகந்திக்கு அழுகை முட்டியது.

"கண்ணை மூடினா கைகால் எங்க இருக்குன்னே தெரியல. பிள்ளையைத் தூக்கவே பயமா இருக்கு சிஸ்டர். என்னை வேலையை விட்டு நிறுத்திடுங்க."

"நிறுத்தறதா? கம்பெனி இயக்கும்போது மத்தவங்க உடம்பு மல்லுக்கட்டும். உன்னோடது சொன்னபடி கேக்குது. இப்படி ஒரு உடம்பு அமையறதே கஷ்டம். உன்னை நிரந்தரம் பண்ணியாச்சு."

மூடிய கண்களிலிருந்து நீர் வழிந்தது. யாரோ அதை மெதுவாகத் துடைத்துவிட்டார்கள். நர்ஸுக்கும் மனசு இருக்கிறது என்று நினைத்துக் கண்ணைத் திறந்தாள்.

பெனிட்டா கதவருகே நின்றிருந்தாள். துடைத்துக்கொண்டிருந்தது சுகந்தியின் கைதான். அவள் அதைத் தூக்கவில்லை. ஷிப்டு தொடங்கிவிட்டது. தைக்கிற துணியில் ஈரம் படக் கூடாது.