கமலவேணிக்கு ஒரு விமர்சனம்

"இதை எழுத உங்களுக்கு எப்படி மனசு வந்துச்சு, பாய்?"

கமலவேணி பத்திரிகையைக் கல்லாப்பெட்டி மேல் வீசினாள்.

அலாவுதீனுக்குக் காஜா பேராங் ஊரில் மளிகைக்கடை. ஊர் நாடகம், கச்சேரி பற்றியெல்லாம் பத்திரிகைக்கு எழுதுவதும் அவர்தான். கடையில் இப்போது மரவள்ளிக்கிழங்கைத் தவிர வேறெதுவும் இல்லை. அதைத் தின்று தின்று ஊரே சோர்ந்து கிடந்தது.

புருஷனைச் சயாம் ரயில் பாதைக்கு ஜப்பான்காரன் பிடித்துப் போன பிறகு, கமலவேணிக்கென்று மிஞ்சியது குரல் ஒன்றுதான்.

"'நாடகத்தில் கமலவேணி பாடியது தகரத்தைத் தரையில் இழுத்தது போலிருந்தது.' முன்வரிசையில உக்காந்து கண்ணைத் துடைச்சீங்களே, நான் பாக்கலைன்னு நினைச்சீங்களா?"

"கண்ணுல தூசிம்மா" என்றார் அவர், நிமிராமல்.

"இனிமே எந்த முகத்தோட மேடை ஏறுவேன்?"

"வீட்டுக்குப் போம்மா. சண்டை போட எனக்குத் தெம்பில்ல."

வாசலில் லாரி வந்து நின்றது. ஜப்பான்காரர்களுக்கு மொழிபெயர்க்கும் தேவதாஸ் இறங்கினான். பின்னாலேயே ஒரு சிப்பாய். லாரிக்குள், போன வாரம் அவர்கள் பிடித்துப் போன செமாபோக் ஊர்ப் பாடகி சீதா. கமலவேணியைப் பார்த்தாள், பார்க்காதவள் போலக் குனிந்துகொண்டாள்.

"பாய், ஆபீசர் கிளப்புல பாட இன்னொரு பொம்பளை வேணும். கமலவேணின்னு ஒருத்தி நல்லாப் பாடுவாளாமே, வீடு எது?"

அந்தக் கிளப்புக்குப் போன எந்தப் பெண்ணும் வீடு திரும்பியதில்லை.

அலாவுதீன் பத்திரிகையை எடுத்து நீட்டினார்.

படித்துவிட்டுத் தேவதாஸ் சிரித்தான். "தகரமா! நல்லவேளை. கூட்டிட்டுப் போயிருந்தா என்னையில்ல அறைஞ்சிருப்பானுங்க!" அவள் பக்கம் திரும்பினான். "நீ நாடகம் பாத்தியாம்மா? நெசமாவே அவ்வளவு மோசமா?"

அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"பாத்தேன். காது குடுத்துக் கேக்க முடியல."

லாரிச் சத்தம் தேய்ந்து அடங்கும்வரை இருவரும் அசையவில்லை. பிறகு அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அடுத்த நாடகத்துலயும் பாடு தாயி" என்றார் அலாவுதீன். "இதைவிட மோசமா எழுதுறேன்."

"இப்படி வருவாங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரியும், பாய்?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"போன மாசம் சீதா குரலைத் தேன்னு எழுதினேன்மா. அந்தப் பத்திரிகையைக் கையில வெச்சுக்கிட்டுத்தான் அவ வீட்டைத் தேடிப் போனானுங்க."