லிவியோ வீட்டுக்கு வழி

"ட்ரஃபிள் காளான் விக்கிற லிவியோ வீட்டுக்கு எப்படிப் போகணும்?"

கேட்ட பெண் கார் எஞ்சினைக்கூட நிறுத்தவில்லை. பின் சீட்டில் ஒரு வெள்ளை ஐஸ் பெட்டி இருந்தது. அதைப் பார்த்ததுமே ஓரெஸ்தே முடிவுகட்டிவிட்டார். பெரிய ஓட்டல்காரி. பெட்டி நிறைய அள்ளிக்கொண்டு போக வந்திருக்கிறாள்.

முச்சந்தியில் வீடு இருந்ததால் வந்த வினை. வருகிறவர்களுக்கெல்லாம் தம்பி வீட்டுக்கு வழி சொல்வதே பிழைப்பாகிவிட்டது.

அப்பா நிலத்தைப் பிரித்தபோது ஓரெஸ்தேவுக்கு ஆற்றோரத்து வயல், இளையவன் லிவியோவுக்கு மேட்டில் இருந்த ஓக் தோப்பு. அன்றைக்கு எல்லோரும் லிவியோவைப் பார்த்துத்தான் உச்சுக்கொட்டினார்கள். அந்த மரங்களின் வேரடியில், மண்ணுக்குள், பொன் விலைக்குப் போகும் கறுப்பு ட்ரஃபிள் விளையும் என்று யார் கண்டது? இப்போது ஜெர்மனியிலிருந்தெல்லாம் ஆள் வருகிறது. ஓரெஸ்தேவின் வயலில் விளையும் பருப்பைச் சீந்துவார் இல்லை.

அவ்வளவு ஏன், அவருடைய நாய் மோராவே விடிந்ததும் வேலியில் நுழைந்து அந்தத் தோப்புக்கு ஓடிவிடுகிறது. வளர்த்த நாய்க்குக்கூட அவன் மண்தான் மணக்கிறது.

"குறுக்கு வழி இருந்தா சொல்லுங்க. ரொம்ப அவசரம்" என்றாள் அந்தப் பெண்.

"மலை ரோட்டுல வேலை நடக்குதும்மா" என்றார் ஓரெஸ்தே, வாய் கூசாமல். "ஆத்தோரமாப் போங்க. பழைய மில் வரும். அதைத் தாண்டி இடது பக்கம்."

மில்லைத் தாண்டினால் முந்தின நாள் மழையில் ஊறிய களிமண். டிராக்டரே திணறும். கார் கண்ணுக்கு மறைந்ததும் ஓரெஸ்தே உள்ளே போய் ஒரு காபி போட்டுக் குடித்தார். ருசியாகவே இருந்தது.

சற்று நேரத்தில் ரொட்டி வண்டிக்காரன் தூல்லியோ மலையிலிருந்து இறங்கி வந்தான்.

"உன் தம்பி வீட்டுல ஒரே அல்லோலகல்லோலம்" என்றான். "எவனோ விஷ உருண்டையைத் தோப்புல போட்டிருக்கான். நாய் தின்னுடுச்சாம். டவுன்லேர்ந்து மாட்டு டாக்டரம்மா மருந்தோட கிளம்பியாச்சாம், இன்னும் வந்து சேரல. போனும் எடுக்க மாட்டேங்கறாங்களாம்."

லிவியோவின் நாய் பிரிகாந்தே. மண்ணுக்குள் இருக்கும் ட்ரஃபிளை மோப்பம் பிடித்துத் தோண்டுவதில் கெட்டி என்று பத்திரிகையில் படம் வந்த நாய். அது போனால் தம்பியின் கொட்டம் பாதி அடங்கிவிடும். ஒரு கணம் அந்த நினைப்பு ஓரெஸ்தேவுக்கு இனித்தது. மறு கணமே அந்தக் காரின் பின் சீட்டில் இருந்த வெள்ளைப் பெட்டி ஞாபகத்துக்கு வந்தது. டிராக்டரைக் கிளப்பினார்.

எதிர்பார்த்த இடத்தில்தான் கார் புதைந்து நின்றது. டாக்டரம்மா இடுப்புவரை சேற்றோடு அதைத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓரெஸ்தே அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவளையும் பெட்டியையும் டிராக்டரில் ஏற்றிக்கொண்டு திரும்பி, மலை ரோட்டிலேயே விரட்டினார்.

ரோடு துடைத்து வைத்ததுபோல் கிடந்தது. வழியில் ஒரு மண்வெட்டிகூடத் தென்படவில்லை. டாக்டரம்மா ஒருமுறை அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

பாகம் பிரித்த நாளிலிருந்து மிதிக்காத வாசல். லிவியோ ஓடிவந்து டாக்டரம்மாவைச் சமையலறைக்கு அழைத்துப் போனான். அண்ணன் பக்கம் அவன் கண் திரும்பவில்லை. ஓரெஸ்தே தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு முற்றத்திலேயே நின்றார். நாய் செத்துவிட்டால் அது விஷத்தால் அல்ல, தான் சொன்ன வழியால்தான் என்று அவருக்குத் தெரிந்தது. சொல்லிவிடுவது என்று தீர்மானித்தார். சமையலறைப் பக்கம் ஓர் அடி எடுத்துவைத்தார்.

அவருடைய சேற்றுச் செருப்பை ஏதோ முகர்ந்தது. குனிந்து பார்த்தார். பிரிகாந்தே. ஒரு குறையும் இல்லாமல் வாலை ஆட்டிக்கொண்டு நின்றது.

சமையலறைக் கதவு திறந்தது. லிவியோவின் சட்டையெல்லாம் நுரை, கண்கள் சிவந்திருந்தன.

"பிழைச்சுக்கும்னு சொல்லிட்டாங்க. உள்ள வாண்ணா, மோரா உன்னைத்தான் தேடுறா."