ரோஸ் கலர் இழைகள்

எட்டாம் வகுப்பு வேதியியல் செய்முறையில் அவரவர் வீட்டுக் குழாய்த் தண்ணீரைத்தான் வடிகட்ட வேண்டும். வடிதாளில் இருபது பிளாஸ்டிக் இழைகளுக்கு மேல் தங்கினால், அன்று மாலையே அந்த வீட்டுக் குழாய்க்குப் பூட்டுப் போட ஆள் வந்துவிடும்.

அந்தப் பயத்தில்தான் ஜெனிட்டாவின் அம்மா காலையில் தண்ணீரை நான்கு முறை வடிகட்டிக் கொடுத்தனுப்பினாள். "சித்தி கல்யாணத்துக்கு எடுத்த பாலியஸ்டர் பூனம் சேலைடி, ஒரு தடவைதான் கட்டினேன். இதைவிட சுத்தமான துணி நம்ம வீட்டுல இல்ல."

ஷகிலா டீச்சர் புனலிலிருந்து தாளை எடுத்து லென்சுக்கு அடியில் வைத்தார். "சாம்பல் கலர்ல நாலே நாலு," என்றார். ஜெனிட்டாவுக்கு மூச்சு வந்தது.

டீச்சர் நிமிரவில்லை. "இதென்ன, ரோஸ் கலர்லயும் இருக்கே. ஒண்ணு, ரெண்டு..."

அது அம்மாவின் சேலை என்று சொல்ல ஜெனிட்டா வாயெடுத்தாள். வீட்டில் வடிகட்டிக் கொண்டுவருவது குற்றம் என்று பள்ளி கொடுத்த பாட்டிலிலேயே அச்சிட்டிருந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

"பதினஞ்சு, பதினாறு."

நாலைச் சேர்த்தால் இருபது. இதோடு போதும் என்று வேண்டிக்கொண்டாள்.

"பதினேழு," என்றார் டீச்சர். "இன்னும் பாதித் தாள் இருக்கும்மா."