எதிர்க்கடை வைத்தியம்

"அந்த ஆளு கடைப்படி ஏறறதுக்கு, என் கடையை இழுத்து மூடிட்டுப் போயிடுவேன்" என்றாள் டைப்பிங்கடைக்காரி.

"தனியா வேற மூடணுமா? கம்ப்யூட்டர் படுத்து மூணு நாளாச்சு" என்றார் கணவர், செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல்.

மனுஷன் குத்திக்காட்டினாலும் சொன்னது உண்மை. ரிப்பேர்க்காரர் இரண்டு தடவை வந்து, ஃபைல்கள் இருந்த பகுதியைத் தொடாமல், விண்டோஸை மட்டும் அழித்துப் புதிதாகப் போட்டுவிட்டுப் போனார். அன்றைக்கு ஓடும். மறுநாள் காலை பொத்தானை அமுக்கினால் கறுப்புத் திரைதான். மூன்றாம் தடவை அவர் போனையே எடுக்கவில்லை.

உள்ளே நான்கு பேருடைய ப்ராஜக்ட் ரிப்போர்ட் மாட்டிக்கொண்டிருந்தது. நான்கு பேருமே வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்கள். வெள்ளிக்கிழமைக்குள் ஒப்படைக்காவிட்டால் அவர்களுக்கு ஒரு வருஷம் போச்சு, அவளுக்குக் கடையின் பெயரே போச்சு. பென்டிரைவில் ஒரு நகல் இருக்கத்தான் செய்தது. ஆனால் வைரஸ் நோய் கண்ட மெஷினின் பென்டிரைவை யார் தங்கள் மெஷினில் செருக விடுவார்கள்?

எதிர்க்கடைக்காரருக்கு இந்த வைத்தியம் அத்துப்படி என்று தெருவே சொன்னது. அவருடையதும் டைப்பிங்கடைதான். இவள் கடை வைத்த மறுவருஷம் நேர் எதிரே வந்து வைத்தார். திறப்பு நாளன்றே பத்துப் பேர் முன்னால், "என் பொழப்புல மண்ணள்ளிப் போட வந்துட்டீங்களா?" என்று கேட்டுவிட்டாள். அதிலிருந்து நான்கு வருஷமாகப் பேச்சு கிடையாது.

செவ்வாய்க்கிழமை காலை, வீம்பை விழுங்கிவிட்டு, சிபியூவைக் கைக்குழந்தை மாதிரி இடுப்பில் இடுக்கிக்கொண்டு தெருவைக் கடந்தாள்.

அவர் 'வாங்க' என்றும் சொல்லவில்லை, 'ஏன் வந்தீங்க' என்றும் கேட்கவில்லை.

"ஃபார்மட் பண்ணியும் திரும்பத் திரும்ப வருது" என்றாள், சுவரைப் பார்த்து.

"விண்டோஸ் கண்ணு முழிக்கறதுக்கு முன்னாடியே, டிஸ்க்கோட முதல் இடத்துல போய் உக்காந்துக்கற வைரஸ் அது. வீட்டுக்குள்ள கூட்டினா வாசல்ல இருக்கறவன் போவானா? சுத்தமான வேற பென்டிரைவால மெஷினைக் கிளப்பித்தான் அவனை இறக்கணும். ஃபைல் எதுவும் போகாது. நீங்க நகல் எடுக்கற பென்டிரைவ் எங்கே?"

"எப்பவும் மெஷின்லயே செருகி இருக்கும். கழட்டவே மாட்டேன். தொலைஞ்சிடக் கூடாதுல்ல."

"அப்ப தினமும் காலையில அதுதான் திருப்பிக் கொடுக்குது."

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

"ரெண்டையும் வெச்சிட்டுப் போங்க. மூணு நாள் காலையில கிளப்பிப் பாத்தாத்தான் அடியோட போச்சான்னு தெரியும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாங்க."

"வெள்ளிக்கிழமை நாலு பேருக்கு…"

"இன்னொரு தடவை திரும்பி வந்தா உங்களுக்குத்தான் கஷ்டம்."

அவரிடம் கெஞ்ச வாய் வரவில்லை. திரும்பிவிட்டாள்.

மறுநாள் பாதி இறக்கிய ஷட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து, வேலையில்லாமல் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரி உடுப்போடு ஒரு நர்ஸம்மா எதிர்க்கடைப் படியேறினாள். இவளுடைய வாடிக்கை, அந்த நான்கு பேரில் ஒருத்தி. ஒரே ஒரு தடவைதான் கடைக்கு வந்திருக்கிறாள், மற்றதெல்லாம் போனில்தான். இருந்தாலும் முகம் மறக்குமா? மத்தியானம் இன்னொருத்தர். வியாழக்கிழமை மிச்ச இரண்டு பேரும்.

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரே பெயரில் பல பேர் வருகிறார்கள் என்று, ஒவ்வொரு ஃபைலுக்கும் வாடிக்கையாளரின் போன் நம்பரையே தலைப்பாக வைப்பது அவள் வழக்கம். திருடன் கையில் சாவியைக் கொடுத்ததோடு நில்லாமல், விலாசத்தையும் எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

"நாலு பேரையும் கூப்பிட்டு வளைச்சுப் போட்டுட்டாருங்க" என்று கணவரிடம் பொருமினாள்.

"அப்படின்னா போய் நேரா கேட்டுடு."

"என் மெஷின் அவர்கிட்ட இருக்கே. கேட்டா குடுப்பாரா?"

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் சிபியூவைத் துடைத்துத் தயாராக வைத்திருந்தார். அவள் கண்ணெதிரே இரண்டு தடவை கிளப்பிக் காட்டினார். சமர்த்தாக எழுந்தது.

"ரொம்ப நன்றி. மெஷினை மட்டுமா? என் வாடிக்கையையும் சேர்த்துத் துடைச்சிட்டீங்க" என்றாள்.

கடையில் நின்ற இருவர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் முகம் ஒரு நிமிஷம் சுண்டியது.

"இனிமே பென்டிரைவைக் கழட்டிட்டு மெஷினை ஆரம்பிங்க" என்றார். அவ்வளவுதான்.

கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்ட திருப்தியோடு வந்து வயர்களை மாட்டினாள். திரையில் வெளிச்சம் வந்தது. ஐந்து வருஷத்து வேலையும் வைத்தது வைத்தபடி இருந்தது. ஒரு வாரமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கியது. அவளையும் அறியாமல் கண் கலங்கியது. போனவர்கள் போகட்டும், கடை பிழைத்ததே என்று நினைத்துக்கொண்டாள்.

அப்போது ஷட்டருக்கு அடியில் குனிந்து நர்ஸம்மா உள்ளே வந்தாள்.

"மேடம், ஒப்படைச்சிட்டேன். நாலு பேருமே ஒப்படைச்சிட்டோம். வருஷம் போயிடுமோன்னு ரொம்பப் பயந்திருந்தோம். உங்களுக்கு நன்றி சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

"எனக்கு எதுக்குங்க? முடிச்சுக் குடுத்தவர்கிட்டப் போய்ச் சொல்லுங்க" என்றாள், குரலில் சூடு குறையாமல்.

"சொன்னேன் மேடம். 'மேடத்துக்குச் சொல்லுங்க, அவங்க மெஷின் ரிப்பேர்ங்கறதால இங்கே வெச்சு முடிச்சோம், நான் அவங்க கடையில வேலை பாக்கறவன்தான்'னுட்டாரு."