பைத்தனா, பிஎச்பியா?

சீகிரியா ஹோட்டல் ஒன்றுக்கு அறைப் பதிவு மென்பொருள். அதைப் பைத்தன் என்ற நிரல்மொழியில் எழுதுவதா, பிஎச்பியிலா என்று முதலாளி ஸக்கரியா சேர் கேட்டதுமே நிஷாந்தினி பயந்துபோனாள். அவளுக்குத் தெரிந்தது பிஎச்பி மட்டும். பைத்தன் என்று முடிவானால், அந்த மாத்தளை ஆபீஸில் அவள் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடும்.

பைத்தனில் புலியான ஜெராட் பக்கம் சேர் திரும்பினார். "நீங்க சொல்றதுதான் முடிவு."

"பிஎச்பியே போதும் சேர்," என்றான் ஜெராட்.

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சேர் வெளியே போனதும் கேட்டாள். "உங்களுக்கு பிஎச்பின்னாலே ஆகாதே அண்ணா. எனக்காகவா சொன்னீங்க?"

"ஆமா தங்கச்சி." ஜெராட் குரலைத் தாழ்த்தினான். "நேத்து கனடா விசா வந்திருச்சு. சேருக்கு இன்னும் சொல்லல. இனி முழுசையும் நீங்கதான் தனியா எழுதணும்."

"எப்ப அண்ணா ஃப்ளைட்?" என்று பதறினாள் நிஷாந்தினி.