சிவப்பு நூல் கட்டிய செடி

உளுந்தில் கலப்பு செய்து, இரண்டாம் தலைமுறையிலேயே அதிகம் காய்க்கும் செடியைக் கண்டுபிடித்துச் சிவப்பு நூல் கட்டுவது விதை நிறுவனத்தில் என் வேலை. உதவியாளன் என் மச்சினன்.

"நூல் கட்டின செடியை எவனோ பிடுங்கிட்டுப் போயிட்டான், மாமா."

"யாரா இருக்கும்?"

"அதான் எனக்கும் புரியல."

மறு மாதமே போட்டி நிறுவனத்தில் சேர்ந்தான். ஆறு வருடத்தில் அவன் ரகத்துக்கு விருது. மாலையோடு வீட்டுக்கு வந்தான்.

"மன்னிச்சுடுங்க மாமா. இது நீங்க நூல் கட்டின செடிதான். உங்க கண்ணே கண்ணு."

அவனுக்குக் கை நீளம் என்று தெரிந்துதான், இருந்ததிலேயே நோஞ்சான் செடிக்கு நூல் கட்டியிருந்தேன். கொழுத்த செடியின் விதையை எனக்கென்று ஒளித்துவைத்தேன். அதன் பிள்ளைகள் காய் பிடிக்காமல் பூவோடு நின்றுவிட்டன.

மச்சினன் துரோகம் செய்வான் என்று தெரியும். செடியும் செய்யும் என்று யார் கண்டது?