சேஷம்மாளின் கோழிப் பாடம்

"அதை மொதல்ல ஆஃப் பண்ணு!"

"இன்னும் ரெண்டு நிமிஷம்தான் இருக்கு..."

"ரெண்டு நிமிஷமா? கோழியோட காலை எப்படி முறிக்கறதுன்னு அந்தப் பொம்மனாட்டி கத்தறா! தெரு முழுக்கக் கேக்கறது!"

"நீங்க கத்தறதுதான் தெரு முழுக்கக் கேக்கறது."

பஞ்சாபகேசன் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார். பாலக்காட்டு அக்ரஹாரத்தில் வீட்டுக்கு வீடு ஒரே சுவர். அவர் ரிட்டயர்டு பேங்க் மேனேஜர் மட்டுமல்ல. இந்த வருஷம் கோயில் கமிட்டிக்குச் செயலாளரும்கூட.

"அடுத்தாத்து வெங்கடகிருஷ்ணன் நாளைக்குச் சன்னிதியில வெச்சுக் கேப்பான், 'என்ன சார், ஆத்துல ஏதாவது விசேஷமா'ன்னு. நான் என்ன பதில் சொல்லட்டும்?"

"ஆத்துக்காரி இங்கிலீஷ் படிக்கறான்னு சொல்லுங்கோ."

சேஷம்மாள் சமையல் மேடையில் ஃபோனைப் புளி டப்பாமேல் சாய்த்து வைத்திருந்தாள். பக்கத்தில் ஒரு நோட்டு. அன்றைக்கு மட்டும் அதில் ஒன்பது வார்த்தைகள் ஏறியிருந்தன.

"பொறந்ததுலேர்ந்து முட்டையைக்கூடத் தொட்டதில்லை நீ. ஒனக்கெதுக்கு இந்தக் கண்ராவி?"

"எனக்குக் கோழி வேண்டாம். அவ பேசற இங்கிலீஷ்தான் வேணும்."

அது உண்மைதான். மெல்பர்னில் ஒரு சமையல் பள்ளி, ஓலன், எரிசேரி என்று கேரளத்துச் சைவச் சமையலை ஆன்லைனில் சொல்லிக்கொடுக்க ஆள் தேடியது. பெங்களூரில் இருக்கும் மகள் அம்ருதா அம்மாவின் பெயரைக் கொடுத்துவிட்டாள். நாளைக் காலை பத்து மணிக்குப் பள்ளிக்காரி வீடியோவில் கூப்பிட்டுப் பேசிப் பார்ப்பாள். இங்கிலீஷ் போதாதென்றால் அந்த இடம் கொச்சிக்காரி ஒருத்திக்கு. கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்தில், ஒரு வேலைக்குச் சேஷம்மாளின் பெயரை யாராவது சொன்னது இதுதான் முதல் தடவை.

"அதுக்குச் சைவச் சமையல் பாக்கப்படாதோ? ஆயிரம் வீடியோ கொட்டிக் கிடக்கே!"

"பாத்தேன். ஒரு மாசம் பாத்தேன். ஒரு வார்த்தை ஏறல்லை."

"ஏன் ஏறல்லை?"

"அவ கத்திரிக்காயைக் கையில எடுக்கறச்சேயே என்ன பண்ணப்போறான்னு எனக்குத் தெரிஞ்சு போறது. காது தானா மூடிக்கறது. தப்பாப் பண்ணினா அவளைத் திட்ட வேற தோணறது. கோழின்னா எனக்கு ஒண்ணும் தெரியாது. அவ வாயைத் திறந்தாத்தான் அடுத்தது என்னன்னு மனஸ்ஸிலாகும். அதனால ஒரு வார்த்தை விடாம கேக்கறேன்."

"என்னத்தைக் கேட்டுக் கிழிச்சே, சொல்லு பாப்போம்."

"ட்ரெயின்னா வடிக்கறது. ஷ்ரெட்னா பிச்சுப் போடறது. ரெஸ்ட்னா, ஆனதைத் தொடாம செத்த நேரம் அப்படியே விட்டுவெக்கறது. இந்தாத்துல அந்த ஒண்ணு மட்டும் நான் கண்டதில்லை."

பஞ்சாபகேசன் குரலை உயர்த்தினார்.

"நாக்பூர் பிராஞ்சுல மூணு வருஷம் தனியா இருந்தேன் நான். சுத்தி இருக்கறவா எல்லாரும் மாம்சம் திங்கறவா. ஒரு நாள், ஒரே ஒரு நாள் ஆசாரம் விட்டிருப்பேனா? தயிர்ஞ்சாதமும் உப்புமாங்காயும்தான்."

"திரும்பி வரச்சே பேண்டெல்லாம் புதுசாத் தெக்க வேண்டியிருந்துதே."

"நாக்பூர் தயிர் அப்படி. கொழுப்பு ஜாஸ்தி. பேச்சை மாத்தாதே! இப்பவே வைஃபைக்காரனுக்கு ஃபோன் போட்டுக் கனெக்ஷனைக் கட் பண்ணச் சொல்லப்போறேன். மதி, போறும் இந்தக் கூத்து."

"ன்னா, நாளைக்குக் கார்த்தால பத்து மணிக்கு..."

"கொச்சிக்காரி பேசட்டும்!"

சேஷம்மாள் வீடியோவை நிறுத்தினாள். நோட்டை மூடப் போனவள், கடைசி வரியில் விரலை வைத்தாள்.

"செரி, கட் பண்ணிக்கோங்கோ. பக்ஷே இந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் அர்த்தம் சொல்லிடுங்கோ. மாரினேட்."

இங்கிலீஷில் சந்தேகம் கேட்டால் பஞ்சாபகேசன் கோபத்தைக் கொஞ்சம் தள்ளிவைப்பார். பேங்கிலும் அப்படித்தான்.

"ஊறவெக்கறது."

"உளுந்தை ஊறவெக்கறதுக்கு ஸோக்னு சொன்னேளே. மொளகாயை மோர்ல ஊறப்போடறேனே, அதுக்கு எதைச் சொல்லணும்?"

"ரெண்டும் ஒண்ணில்லை, அசடே. ஸோக்னா தண்ணியில போட்டுட்டு நம்ம வேலையைப் பாத்துண்டு போலாம். மாரினேட் அப்படியில்லையாக்கும்."

நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். இடது உள்ளங்கையைப் பலகையாக்கி, வலது கையைக் கத்தியாக்கினார்.

"மொதல்ல நாலு கீறல். ஆழமா. மேலாகக் கீறினா பிரயோஜனமில்லை. அப்பறம் தயிர், இஞ்சி, பூண்டு, மொளகாப்பொடி. கீறலுக்குள்ள விரலை விட்டுத் தடவணும். இந்த வீடியோக்காரி ஒரு மணி நேரம் போறும்ங்கறாளே, சுத்த அபத்தம்! நெஞ்சுப் பக்கம் வேணா அதுல ஆகும். தொடைக்கு ஆறு மணி நேரமாவது விடணும். அப்பத்தான் காரம் எலும்பு வரைக்கும் எறங்கும். இல்லேன்னா மேல மட்டும் ருசி, உள்ளே வெறும் சக்கை."

சேஷம்மாள் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். 'ஆறு மணி நேரம்' என்பதற்குக் கீழே ஒரு கோடு போட்டாள். பேனாவை மூடினாள்.

"நீங்களே பண்ணினேளா, வாங்கிச் சாப்ட்டேளா?"